காட்டிக் கொடுத்தவருக்கு ஒரு துஆ

லைசனை மேற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோர்ட்டுப் படியிறங்கிய றஊப், கடைசிப் படியில் நின்று அதை மறுபடியும் வெளியே எடுத்துப் பார்த்தான்.

அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் தானாகவே முணுமுணுத்தது.

வீதியோரத்தில் வேன் நின்றது. அவனுடைய வேன்தான். குடித்துவிட்டு ஓட்டியதற்காக நீதவான் ஒரு வருடத்துக்கு லைசனைப் பறித்த பிறகு, கூட்டாளி அப்துல் ஸமட்தான் அதில் சாய்ந்தமருதுப் பிள்ளைகளைக் கல்முனைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கினான்.

பின் சீற்றில் மனைவி றபீக்கா முக்காட்டை இழுத்துவிட்டபடி இருந்தாள். வீட்டில் இருக்கச் சொல்லியும் கேட்காமல் வந்திருந்தாள்.

லைசனை அவளிடம் நீட்டினான். அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த வருடம் முழுக்க அவன் அரிசி மில்லில் மூட்டை சுமந்தான். பொழுது சாய்ந்தால் நாக்கு வறண்டு கை நடுங்கும். றபீக்கா கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே இருப்பாள். அவன் குடித்து முடிக்கும்வரை எழும்ப மாட்டாள்.

அப்படித்தான் அந்தத் தாகம் அவனை விட்டுப் போனது. அவன் வாசல் படலையைத் திறந்தால் அறைக்குள் ஓடி ஒளிகிற மகள், நோன்புப் பெருநாளுக்கு முன்னமே மடியில் வந்து ஏறத் தொடங்கியிருந்தாள்.

ஸமட் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். றஊப் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்தான். பக்கத்தில் ஏறிய ஸமட்டுக்கு மனம் ஆறவில்லை.

“உன்னப் பொலிசுக்குக் காட்டிக் குடுத்தவன் ஆரெண்டு மட்டும் தெரிஞ்சா, அவன்ட கால முறிச்சுப் போடுவன் மச்சான்.”

ஊரில் எல்லோரும் சொல்லிச் சொல்லி அலுத்த கதை அது. யாராவது எடுத்தால் றபீக்கா ஏதோ வேலையிருப்பதுபோல் குசினிக்குள் போய்விடுவாள். இன்றைக்கு எழும்பிப் போக இடமில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

றஊப் சாவியைத் திருப்பினான். இஞ்சின் உறுமியது.

“அப்பிடிச் சொல்லாத ஸமட். ஒவ்வொரு தொழுகையிலயும் நான் அவவுக்குத்தான் துஆக் கேக்கிறன்.”

இஞ்சின் சத்தத்தில் ஸமட்டுக்கு ‘அவவுக்கு’ என்றது ‘அவனுக்கு’ என்றே கேட்டது. தலையை ஆட்டிக்கொண்டு வீதியைப் பார்த்தான்.

றபீக்காவுக்குப் பிடிபட்டது. முகத்தைச் சட்டென்று அவன் பக்கம் திருப்பினாள்.

பொலிசில் வெறி தெளிந்து விழித்தபோதே சார்ஜன்ட் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். விடியற்காலைச் சுபஹு பாங்கோடு ஒரு பெண் வெறுங்காலோடு ஓடி வந்தாளாம். வேனில் பிள்ளைகள் ஏறுவதற்கு முன்னம் என் புருஷனை மறித்துவிடுங்கள் என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம்.