மெக்கானிக்கின் இடது கை

திறந்து கிடக்கும் பழைய ஸ்டீரியோவின் டயல் வெளிச்சம் மெக்கானிக்கின் மூக்குக்கண்ணாடியில் நீலமாக மின்னுகிறது. வலப்பக்க ஸ்பீக்கர் ஊமை. மின்சாரம் ஓடும்போதே, மீட்டரின் சிவப்பு முனையால் டிரான்சிஸ்டர் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார். இடது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருக்கிறது. இரண்டு கையாலும் தொட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும். போன வாரம் பாய்ந்தது. அவர் கத்தக்கூட முடியாமல் விறைத்து நின்றார். அதனால்தான் மனைவி, மின்சாரம் கடத்தாத மரத் துடைப்பக் கட்டையோடு பின்னால் நிற்கிறாள்.

"மாட்டிக்கிச்சு! இந்த டிரான்சிஸ்டர்தான்!" குஷியில் இடது கை வெளியே வந்து ஸ்டீரியோவின் இரும்புச் சட்டத்தை நோக்கிப் போகிறது. அவள் ஓங்கிய கட்டை அவர் மணிக்கட்டில் இறங்குகிறது.

"ஐயோ, கை போச்சுடி!"

"கத்துங்க," என்கிறாள் அவள், தரையில் சரிந்து உட்கார்ந்தபடி. "இன்னும் கொஞ்சம் கத்துங்க."