ஆறு பேரும் ஆவரேஜ்

"என்னைப் போய் ஆவரேஜுன்னு எழுதியிருக்காங்க! என்னை!"

அகராதி நோட்டீஸ் போர்டை ஓங்கி அறைந்தார். அகராதி என்பது ஆபீஸ் அவருக்கு வைத்த பட்டப்பெயர். சோப்பு, ஷாம்பு லேபிள்களில் பிழை பார்க்கும் பிரிவில் அவரையும் சேர்த்து ஆறு பேர். வருஷக் கடைசியில், பார்த்து முடித்த லேபிள் எண்ணிக்கையில் ஆவரேஜுக்குக் கீழே போனவர் மூட்டை கட்ட வேண்டியதுதான். கம்பெனி சட்டம் அப்படி.

இந்த வருஷம் யாரும் கீழே போகவில்லை. ஆளுக்கு ஆயிரத்து இருநூறு லேபிள். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

"வேலை தப்பிச்சுதேண்ணே, அது போதாதா? விடுங்க," என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

"எப்படிம்மா விடுறது? 'ஃப்ரெஷ்'ங்கிற ஒத்தை வார்த்தைக்கு நாலு நாள் மண்டையை உடைச்சிக்கிட்டவன் நான். அது எங்க பொறந்துச்சு, எப்போ சோப்பு மேல ஏறுச்சு... இங்க வேற யாருக்காவது தெரியுமா?"

"சத்தியமா தெரியாதுண்ணே."

"அப்புறம் நீயும் நானும் எப்படி ஒண்ணு?"

தடித்த அகராதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் சூப்பர்வைசர் அறைக்குள் நுழைந்தார். மற்ற ஐந்து பேரும் பதறியடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள்.

"மேடம், திரும்ப எண்ணணும்!"

சூப்பர்வைசரம்மாவுக்கு முகம் வெளுத்தது. "எதுக்கு சார் வம்பு? ஆவரேஜ்னா நல்ல வார்த்தைதானே?"

"நல்ல வார்த்தையா? அதோட பூர்வீகம் தெரியுமா உங்களுக்கு?" அகராதி அகராதியைப் பிரித்தார். "கப்பல் புயல்ல மாட்டுனா பாரத்தைக் குறைக்க யாரோ ஒருத்தனோட சரக்கைக் கடல்ல தள்ளுவாங்க. அந்த நஷ்டத்தை, சரக்கு ஏத்துன எல்லாரும் பங்கு போட்டுக்கணும். அந்தப் பங்குதான் மேடம் ஆவரேஜ்! இந்த அஞ்சு பேர்ல எந்தச் சோம்பேறிக்காக என் எண்ணிக்கைல கை வெச்சீங்க?"

ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"சார், சொன்னா கேளுங்க. வேண்டாம்."

"எண்ணாம நகர மாட்டேன்!"

அதுவரை அவர் ஒரு நாளும் எண்ணியதில்லை. எண்ணுவதெல்லாம் படிப்பு ஏறாதவர்கள் வேலை என்பது அவர் கட்சி. அலமாரியிலிருந்து தன் பெயர் போட்ட லேபிள் கட்டை அவரே உருவி மேஜையில் போட்டார். பார்த்து முடித்த லேபிளின் மூலையில் பார்த்தவர் தன் இனிஷியலைப் போட வேண்டும். ஒவ்வொன்றாகப் புரட்டி, உரக்க எண்ணினார்.

எண்பத்தேழில் குரல் நின்றது. அடுத்ததைப் பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார். கட்டின் நடுவிலும் அடியிலும் இழுத்துப் பார்த்தார். வெட்கத்தில் காது மடல் வரை சூடேறியது.

எண்பத்தெட்டாவது லேபிளிலிருந்து கடைசி வரைக்கும் இருந்தது அவருடைய இனிஷியல்தான்; கையெழுத்துதான் பக்கத்து மேஜைக்காரியுடையதும் மற்ற நாலு பேருடையதும்.