டயர் தபால்

பைக் கண்காட்சியில் ராவணனைச் சுற்றித்தான் கூட்டம். ராவணன் ஒரு பைக். முன்னால் மண்டையோட்டு விளக்கு, பின்னால் பீப்பாய் அகலத்துக்கு டயர், டேங்க் முழுக்க ‘சாலையே என் வீடு’ என்று ஸ்டிக்கர். அது எந்த ஊர்க் கண்காட்சிக்கும் வேனில் ஏறி வரும், வேனிலேயே திரும்பும்.

பக்கத்தில் நின்ற பைக்கை, அதை ஓட்டுபவரே பழைய இரும்புக்கடையில் பொறுக்கிய பாகங்களை வைத்துக் கட்டியிருந்தார். டயரெல்லாம் சேறு.

“உன்னையெல்லாம் யாருப்பா உள்ளே விட்டது?” என்றது ராவணன்.

அப்போது ஒரு தெருநாய் வந்தது. ராவணனின் டயரை முகர்ந்து ஒரு தும்மல் போட்டது. சேற்று டயரை மட்டும் வெகுநேரம் முகர்ந்தது.

“அடடே! திண்டிவனத்துக் கறுப்பனுக்குக் கால் சரியாயிடுச்சா! ஓசூர் செவலை குட்டி போட்டிருக்கா!” என்று குதித்தது. பிறகு காலைத் தூக்கி, அந்த டயரிலேயே ஒன்றுக்குப் போனது.

ராவணனுக்குத் தாங்கவில்லை. “இவ்வளவு பெரிய டயர் இங்கே இருக்கு. அங்கே ஏன் போனே?”

“கோவிச்சுக்காதே தம்பி,” என்றது நாய். “அது செவலைக்கு நான் போட்ட பதில். உன்மேல எழுதினா, கடுதாசி வேனை விட்டே இறங்காது.”