துருச்சித்தரின் ஓட்டை

பகடை மேசையிலிருந்து உருண்டு அவன் காலடியில் வந்து நின்றது.

அவன் குனிந்து எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல இருபது பக்கம் இருக்குதுங்களே?"

"இருக்கும்" என்றாள் சம்யுக்தா.

ஐந்து நிமிடம் பேசிவிட்டு வரச் சொல்லி இருவரையும் அவள் அறைக்குள் அனுப்பியிருந்தார்கள். வெளியே கூடத்தில் இரண்டு குடும்பமும் மைசூர்பாகு தின்றுகொண்டிருந்தது.

வேண்டாம் என்று சொல்லிவிடக் காலையிலேயே முடிவு செய்திருந்தாள். இவன் மூன்றாவது மாப்பிள்ளை. முதல் ஆள் இந்த மேசையைப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் இருக்காதில்லையா என்று கேட்டார். இரண்டாமவர் எதுவும் கேட்கவில்லை. அவள் எழுதி வைத்திருந்த தாள்களின் மேல் காபி டம்ளரை வைத்தார்.

இவன் நவநீதன். கோபியிலிருந்து வந்திருந்தான். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. இழப்பீடு கேட்டு வரும் மனுக்களைப் படித்து, எது செல்லும், எது செல்லாது என்று சொல்ல வேண்டும்.

"என்னங்க இது?"

சொன்னாள். விண்கப்பலும் மந்திரமும் சேர்ந்த ஓர் உலகம். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் விளையாட்டு. அதற்கு ஏழு புதிய பாத்திர வகைகளை, ஆளுக்கொரு தாளாக, அவள் எழுதியிருந்தாள். நாளை அச்சுக்குப் போகிறது.

தாள்களில் எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தவர் துருச்சித்தர். செத்துப்போன இயந்திரங்களை மந்திரம் சொல்லி எழுப்புகிறவர்.

"மூணு மாசம் திருத்தியிருக்கேன். இனி இவர்கிட்ட ஒரு ஓட்டை கிடையாது."

"ஆடிப் பாக்கலாமுங்களா?"

அவனுக்குத் துருச்சித்தரைக் கொடுத்தாள். எதிரே ஓர் இரும்பு யாளியை நிறுத்தினாள். சீக்கிரம் முடிந்துவிடும்.

முடிந்தது. இரண்டாவது உருட்டலிலேயே யாளி மிதித்துவிட்டது.

"செத்துட்டீங்க."

"சரிங்க."

ஆனால் அவன் எழுந்திருக்கவில்லை. தாளை எடுத்துப் படித்தான். முன்பக்கம். பின்பக்கம். ஓரிடத்தில் விரலை வைத்தான்.

"'இறந்த எதையும் எழுப்பலாம்'னு போட்டிருக்குதுங்க."

"ஆமா."

"நானுந்தானுங்களே செத்துட்டேன்."

சம்யுக்தா தாளைப் பிடுங்கினாள். "செத்தவர் எப்படி மந்திரம் சொல்லுவார்?"

"உசுரோட இருந்தாத்தான் சொல்லோணும்னு எங்கீங்க போட்டிருக்குது?"

எங்கும் போட்டிருக்கவில்லை.

துருச்சித்தர் எழுந்தார். யாளி மிதித்தது. மறுபடி எழுந்தார். ஒன்பதாவது முறை எழுந்தபோது, அவளே எழுதிய விதிப்படி, யாளிக்கு எரிபொருள் தீர்ந்துபோனது.

அவளுக்கு முகம் சூடேறியது. பன்னிரண்டு நண்பர்கள் ஆடிப் பார்த்தார்கள். பன்னிரண்டு பேரும் பிரமாதம் என்றார்கள். ஒருவர்கூடப் பின்பக்கம் படிக்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. தொழில் புத்திங்க."

அவள் சிவப்புப் பேனாவால் 'எதையும்' என்பதை அடித்தாள். 'இயந்திரத்தை' என்று எழுதினாள்.

அவன் எட்டிப் பார்த்தான்.

"அப்ப, இரும்புக் கால் வெச்சவருங்க?"

பேனா நின்றது. அப்போதுதான் அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

கதவு தட்டப்பட்டது. முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அம்மா தலையை நீட்டி, சைகையால் அவளை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"ஏங் கண்ணு, அவங்க கெளம்போணுங்கறாங்க. என்னன்னு சொல்லட்டும்?"

"இரும்மா. இன்னும் ஆறு பேரு இருக்காங்க. அவங்களையும் பாத்துட்டுச் சொல்றேன்."

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆறு பேரா?"

சம்யுக்தா கதவைச் சாத்தினாள்.

நவநீதன் அடுத்த தாளின் பின்பக்கத்துக்கு வந்திருந்தான்.

எதிரே கிடந்த தன் நாற்காலியை அவள் அவன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.