மிஸ் பண்ண மாட்டோம்

கேக்கில் எழுதியிருந்ததைப் படித்ததும் சூப்பர்வைசரின் மனைவிக்கு முகம் சுருங்கிப்போனது.

‘சார், உங்களை மிஸ் பண்ண மாட்டோம்.’

சிவப்பு க்ரீமில், கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ஓரத்தில் ரோஜாப்பூ வேறு.

தலை நரைக்கிற வரைக்கும் இந்தப் பார்சல் ஆபீசுக்காக ஓடிய மனுஷனுக்கு, ஓய்வு பெறுகிற அன்று இதுதான் மரியாதையா? நல்லவேளை, அவர் இன்னும் இதைப் பார்க்கவில்லை. சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் கிடங்கைக் கடைசியாக ஒரு சுற்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போயிருந்தார்.

அந்த அம்மா மனசில் பட்டதை அடக்கி வைக்கிற ரகம் இல்லை. பில் போடும் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிடிக்காத மனுஷனை அனுப்பி வைக்கறீங்க, சரி. அதை கேக்குல எழுதித்தான் சொல்லணுமாம்மா?"

அந்தப் பெண்ணுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேக்குக்கு ஆர்டர் கொடுத்ததே அவள்தான். ஐயோ, நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை என்று படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினாள்.

விஷயம் இதுதான். இந்த ஆபீசில் ‘மிஸ்’ என்ற வார்த்தைக்கே தடை. யாராவது சூப்பர்வைசரிடம் வந்து, "சார், ஒரு பார்சல் மிஸ் ஆயிடுச்சு" என்று நின்றால் தொலைந்தார்கள்.

"மிஸ் ஆயிடுச்சா? அதுவா ஆச்சா? பார்சலுக்குக் கால் முளைச்சு வண்டியை விட்டு இறங்கிப் போச்சா? ஏத்த மறந்துட்டேன்னு சொல்லு. வேற வண்டியில போட்டுட்டேன்னு சொல்லு. யார் செஞ்சாங்கன்னே தெரியாத மாதிரி ஒரு வார்த்தையைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, அதுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கறீங்க."

கிடங்கே அதிரும். கத்தி முடித்ததும், "அதை அப்படி வச்சுட்டுப் போ, நான் பார்த்துக்கறேன்" என்பார். மறுநாள் பார்த்தால் பார்சல் அங்கே இருக்காது. காலை முதல் வண்டியில் ஏற்றிவிட்டிருப்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

இப்படியே பழகிப் பழகி, அந்த வார்த்தை யார் வாயிலும் வருவதில்லை. மிஸ்டு காலுக்குக்கூட இங்கே ‘எடுக்காத கால்’ என்றுதான் பெயர்.

கேக்கில் ‘உங்களை மிஸ் பண்ணுவோம்’ என்று எழுதத்தான் அவள் முதலில் நினைத்தாளாம். டிரைவர்தான் பதறிப்போய்த் தடுத்திருக்கிறார். "பைத்தியமா உனக்கு? கடைசி நாள்ல, நாங்க மிஸ் பண்ணுவோம்னு அவர்கிட்டயே சொல்றதா? மனுஷன் ஓய்வே வேண்டாம்னு திரும்பி வந்து உட்கார்ந்துடுவாரு. மாட்டோம்னு போடு, நிம்மதியாப் போகட்டும்."

எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டிருக்கிறது. பேக்கரிக்காரருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "மாட்டோம்னுதானே மேடம்? நல்லா யோசிச்சுட்டீங்கள்ல?" என்று மறுபடியும் போன் போட்டுக் கேட்டாராம்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அது அடங்குவதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார்.

கேக்கைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். ஆபீசே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"சார், இது வந்து... சின்ன மிஸ்..." என்று ஆரம்பித்த பில் பெண், மிச்சமிருந்த ‘டேக்’கை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

அவர் கத்தியை எடுத்தார். ‘மாட்டோம்’ இருந்த பக்கத்தை மட்டும் அளவாக வெட்டி, டிரைவரின் வாயில் திணித்தார்.

"இந்த ஒரு வார்த்தையை நீ தின்னு முடி" என்றார். பிறகு குரலைச் செருமிக்கொண்டு, "மிஸ் பண்ணுங்கப்பா. கொஞ்சமாவது மிஸ் பண்ணுங்க. இன்னிக்கு பர்மிஷன் குடுத்தாச்சு" என்றார்.

கைதட்டல் ஓய நேரமானது. பில் பெண் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எல்லோருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

வாய் நிறைய கேக்கோடு டிரைவர் அந்த அம்மாவிடம் பெருமையடிக்க ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் பார்சல் வந்து சேரவில்லை என்று ஒரு புகார் உண்டா, ஒரு போன் உண்டா? "சார் போடற சத்தத்துக்குப் பயந்து, விட்டுப்போன பார்சல்கூட தானா வீடு தேடிப் போயிடும்மா."

சொல்லிக்கொண்டே, எல்லோரும் உட்கார வசதியாக மேஜையை ஓரமாக நகர்த்தினார். விரிப்பு விலகியது. மேஜைக்கு அடியில், காலை வண்டியில் போயிருக்கவேண்டிய ஒரு பார்சல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

டிரைவருக்குக் கேக் தொண்டையில் நின்றது.

"சார்... நான்தான் சார். மேஜை போடும்போது இங்க வச்சேன். வண்டியில ஏத்த மறந்துட்டேன்."

அந்த நிலைமையிலும் ‘மிஸ் ஆயிடுச்சு’ என்று சொல்லவில்லை. எல்லோரும் கத்தலுக்காகக் காத்திருந்தார்கள். சூப்பர்வைசரோ, மாட்டிக்கொண்ட திருடன் மாதிரி ஒரு முறை மனைவியைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார்.

அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"இப்படிக் குடு தம்பி, போற வழியில நாங்களே குடுத்துடறோம். தானா வீடு தேடிப் போச்சாம்ல... இத்தனை வருஷமும் ஸ்கூட்டர்ல என் மடியில உட்கார்ந்துதான்பா போச்சு."