கொம்புப் பிடிக் கத்தி

"நானா, ரெண்டையும் ஒண்ணாக் காட்டாதீங்க. எனக்குத் தலை சுத்துது!"

சேதுராமன் சொன்னதைக் கேட்டு, அவன் அண்ணன் முறையில் 'நானா' என்றழைக்கும் முகைதீன் சிரித்தார். காஜா பேராங் சாலையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். சிங்கப்பூரிலிருந்து புதிதாக வந்திறங்கிய இரண்டு மடக்குக் கத்திகளைச் சிவப்பு வெல்வெட் துணியில் வைத்து நீட்டியிருந்தார். ஒன்றுக்கு முத்துச்சிப்பிப் பிடி. திருப்பத் திருப்ப நிறம் மாறி மின்னியது. மற்றதற்குக் கலைமான் கொம்புப் பிடி. கரடுமுரடாய், கம்பீரமாய் இருந்தது. இரண்டும் உசத்தியான சீமைச் சரக்கு.

வெளியே மெர்டேக்கா சுதந்திர நாள் கொண்டாட்டத்துக்காகத் தெருவெங்கும் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் யாரோ தொண்டையைக் கனைத்துக் கனைத்துச் சோதித்தார்கள். சேதுராமன் காதில் எதுவும் விழவில்லை. துறைமுக ஆபீசில் அவன் குமாஸ்தா. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் சைக்கிளை மிதித்து நேரே இங்கே வந்திருந்தான்.

"முத்துச்சிப்பியை எடுத்துக்குங்க தம்பி. பார்க்கிறவங்க அசந்து போவாங்க."

"பார்க்கிறவங்களுக்கா வாங்குறோம், நானா? வீட்டுல கண்ணாடிப் பெட்டி நிறைய கத்தி இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு ராஜா மாதிரி. அதுங்களோட சரிக்குச் சமமா உட்காரணும்லா!"

போன வருஷம் இப்படித்தான் பளபளப்பைப் பார்த்து ஏமாந்தான். அந்தக் கத்தி பெட்டிக்குள் போகவே இல்லை. இன்றைக்கும் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறது.

கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்ட சோதனைகளை ஆரம்பித்தான். முத்துச்சிப்பிக் கத்தியை விரித்து, அலகைப் பிடித்து அசைத்தான். இலேசாக ஆடியது. மடக்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கினான். அலகு ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, பிடியின் உட்புறத்தை உரசிக்கொண்டு நின்றது. கீழே வைத்துவிட்டான்.

கொம்புப் பிடியை எடுத்தான். உள்ளங்கையில் சொல்லிவைத்தாற்போல் உட்கார்ந்தது. நகத்தால் அலகை இழுத்தான். பாதியில் ஒரு கணம் நின்று, பிறகு 'டக்'கென்று விரிந்தது. அசைத்தான், மலை மாதிரி நின்றது. மடக்கினான். அலகு நட்டநடுவில் போய் அடங்கியது. மறுபடி மறுபடி விரித்து மடக்கினான்.

"இதான் நானா! இதேதான்!"

"மெதுவா தம்பி, கையை வெட்டிக்கப் போறீங்க! ஆனா ஒண்ணு. எஸ்டேட் தொரை ஒருத்தர் காலையில இதைப் பார்த்துட்டுப் போனார். கப்பலேறி ஊருக்குப் போறாராம். வந்தாலும் வருவேன்னார்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. துரை உள்ளே வந்தார். சேதுராமன் கையிலிருந்ததைப் பார்த்தார். தன் கையை நீட்டி மலாயில் சொன்னார்.

"அதைக் கொடு."

துரைமார் கேட்டதை எடுத்து நீட்டியே பழகிய கை சேதுராமனுடையது. தன்னால் பாதி தூரம் போய்விட்டது. அங்கே நின்று, கத்தியை இறுக மூடிக்கொண்டது.

"மன்னிக்கணும் தொரை. இதை நான் வாங்கிட்டேன்."

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

துரை அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கத்தியைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? அந்த முத்துச்சிப்பியை எடுத்துக்கொள். அதுதான் அழகு."

"அது ஆடுது தொரை. மடக்கினா உரசுது."

துரை முத்துச்சிப்பிக் கத்தியை எடுத்து விரித்தார், மடக்கினார். அவர் முகம் சுருங்கியது. கத்தியை வைத்துவிட்டு, சேதுராமனைப் பார்த்துத் தொப்பியை இலேசாகத் தொட்டுவிட்டு வெளியேறினார்.

"தம்பி! தொரைக்கே இல்லைன்னுட்டீங்களே!" முகைதீன் மேசையைத் தட்டினார்.

சேதுராமனுக்குச் சிரிப்பும் படபடப்பும் ஒன்றாக வந்தன. "சீக்கிரம் கட்டிக் குடுங்க நானா. இந்தப் பாசார் பையில, கீரைக்கு அடியில வெச்சிடுங்க. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் சந்திரமதி கண்ணுல பட்டுடக் கூடாது."

"அவ்வளவு பயமா வீட்டுல?"

"தொரையைச் சமாளிச்சுட்டேன். அவளை நெனச்சாத்தான் நெஞ்சு அடிச்சுக்குது."

"எல்லா வீட்டுலயும் இதே கதைதான் தம்பி. ஆம்பிளை ஆசைப்பட்டு ஒரு சாமான் சேர்த்தா, பொம்பளைங்களுக்குப் பொறுக்காது," என்று முகைதீன் அனுதாபப்பட்டார்.

சேதுராமன் காசை எண்ணிக் கொடுத்தான். சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறினான்.

வீட்டில் அவன் டீயை வாயில் வைப்பதற்குள் சந்திரமதி கீரையை முறத்தில் கொட்டிவிட்டாள். கூடவே பொட்டலமும் விழுந்தது. பிரித்தாள். அவள் முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை.

"ஏங்க, இது யாரு பார்த்து எடுத்தது?"

"நான்தான்."

"நெசமாவா?"

"சத்தியமா நான்தான்! தொரை ஒருத்தர் கையை நீட்டிக் கேட்டார். நான் குடுக்கலை!"

சந்திரமதி அவனையே பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, கல்யாணத்துக்கு முன்பிருந்தே தான் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்த கத்திகளுக்கு நடுவில், தன் புருஷன் தேர்ந்தெடுத்த ஒரு கத்திக்கு முதல்முறையாக இடம் கொடுத்தாள்.