மரகதப்புறாவும் ஜன்னல் பல்லியும்

காட்டோரத்து அலுவலகம் ஒன்றின் ஜன்னலில், வெளிப்பக்கமாக ஒரு பல்லி குடியிருந்தது. ஒருநாள் எதிர்மரத்தில் ஒரு மரகதப்புறா வந்து உட்கார்ந்தது. உள்ளே சுவரில் மாட்டியிருந்த படத்தில் தன்னைப் போலவே ஒரு புறாவைக் கண்டு, "யார் அது?" என்று கேட்டது.

"நீதான். மாநிலப் பறவையாம்" என்றது பல்லி.

"அப்படியென்றால்?"

பல்லிக்குப் பெருமை தாங்கவில்லை. "உன் பச்சைச் சிறகுதான் இந்த மண்ணின் செழிப்பாம். உன்மேல் யாரும் கை வைக்க முடியாது. இந்த இடமே உன்னுடையது என்று வைத்துக்கொள்."

"உள்ளே வரலாமா?"

"தாராளமாக வா."

புறா நேராகப் பறந்து வந்தது. நடுவில் கண்ணாடி இருப்பதைப் பல்லி சொல்லவில்லை. தினமும் ஊர்ந்து திரிகிற கண்ணாடி அதற்குத் தரை மாதிரி. சொல்லவே தோன்றவில்லை.

சத்தம் கேட்டுக் காவலாளி வந்தார். செத்துக் கிடந்த புறாவைச் செடி மறைவில் புதைத்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த இறகைத் துடைத்தார். படம் முன்பைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

மறுநாள் இன்னொரு புறா வந்தது. "யார் அது?"

"இங்கே கண்ணாடி இருக்கிறது, வராதே!"

"எங்கே? ஒன்றுமே இல்லையே!"

பல்லி ஓடிப்போய்க் கண்ணாடியின் நட்டநடுவில் ஒட்டிக்கொண்டது.

"படத்தை மறைக்குது பாரு, சனியன்" என்று காவலாளி துணியால் விரட்டினார். பல்லி ஓரத்துக்கு ஓடியது. அவர் முதுகைத் திருப்பியதும் மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றது.